பருந்துமலைக் கணக்கேடு



கவிதைக்கும் கணக்குக்கும் ஆகாது என்பது வழக்கமான எண்ணம். ஆயினும் இன்றைய உரை ஒரு கணக்கேட்டைப் பற்றியது. அக்கணக்கேட்டில் வரவும் இல்லை, செலவும் இல்லை. ஒரு மலைமுகட்டைக் கடந்து சென்ற பருந்துகள், வல்லூறுகள், கழுகுகள் ஆகியவற்றின் எண்ணிக்கை மட்டுமே உண்டு. 1934ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் தொடங்கிய அந்தக் கணக்கு, இரண்டாம் உலகப் போரின்போது விடுபட்ட மூன்று பருவங்கள் நீங்கலாக, இன்றளவும் எழுதப்பட்டு வருகிறது. வலசை செல்லும் இரைகொல்லிப் பறவைகளைப் பற்றி உலகில் இத்தனை நீண்ட காலம் எழுதப்பட்ட ஏடு வேறு இல்லை.

அந்த முகடு இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில். அப்பலேச்சியன் மலைகளின் ஒரு கிளையாகக் கிட்டடின்னி என்னும் நெடிய மலைவரிசை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கிறது. அதில் 1,521 அடி உயரத்தில் வெண்சாம்பல் நிறப் பாறைகள் துருத்தி நிற்கும் ஓரிடத்திற்கு வடக்கு நோக்கிடம் என்று பெயர். மலைக்குப் பெயர் பருந்துமலை. உயரத்தில் இது பெருமலை ஆகாது. கொடைக்கானலின் கால்பங்கு உயரமும் இல்லை. ஆனால் கிடக்கும் திசைதான் அதன் பெருமை. கனடாவிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் தெற்கே புறப்படும் பறவைகளுக்கு அது நெடுஞ்சாலையாக அமைந்துவிட்டது.

குளிர்ந்த காற்றுத் திரள் ஒன்று நாட்டைக் கடந்து போனதும் வடமேற்கிலிருந்து காற்று வீசும். மதில்போல் குறுக்கே கிடக்கும் மலையில் மோதிய காற்றுக்கு மேலே எழுவதன்றி வேறு வழியில்லை. எழும் அக்காற்றின்மேல் சிறகை விரித்துக் கிடந்தால் போதும். ஒருமுறையும் சிறகடிக்காமல் பல கல் தொலைவு போய்விடலாம். நெடும்பயணம் போகும் பறவைக்கு உடலில் சேர்த்த கொழுப்பே கைப்பொருள். சிறகடிக்கும்தோறும் அது கரையும். ஆகவே காற்றைச் சுமக்கச் செய்து தான் சும்மா இருக்கும் பறவையே ஊர்போய்ச் சேரும். வெயில் ஏறிய நாள்களில் இன்னொரு வழியும் உண்டு. சூடேறிய நிலத்திலிருந்து வெப்பக்காற்று தூண்போல் எழும்பும். அத்தூணுக்குள் புகுந்து வட்டமிட்டு வட்டமிட்டு உயர்ந்து, உச்சியை அடைந்ததும் அடுத்த தூணை நோக்கிச் சறுக்கிச் செல்வது அகன்ற சிறகுப் பருந்துகளின் வழக்கம். அவை செப்டம்பர் நடுவில் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டு மத்திய அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் போகின்றன.

பறவைக்கு வாய்த்த வழி துப்பாக்கிக்கும் வாய்த்தது. காற்று பலமாக வீசும் நாளில் பறவைகள் முகட்டுப் பாறைகளை ஒட்டி, மனிதரின் கண்மட்டத்தில், சில வேளை அதற்கும் கீழே பறந்து போகும். குறி தவறுவது கடினம். 1929ஆம் ஆண்டு மாநில வேட்டைத்துறை, கோஸ்ஹாக் என்னும் பெரிய வல்லூறு ஒன்றுக்கு ஐந்து டாலர் என்று விலை வைத்தது. பொருளாதாரப் பெருவீழ்ச்சி தொடங்கிய காலத்தில் ஐந்து டாலர் சிறு தொகையன்று. பறந்து போகும்போது எது கோஸ்ஹாக், எது வேறு என்று பிரித்தறியத் தெரிந்தோர் சிலரே. ஆகவே எல்லாமே சுடப்பட்டன. மீனை மட்டுமே தின்னும் விராலடிப்பானும் விழுந்தது; வெட்டுக்கிளி தின்னும் சிறு வல்லூறும் விழுந்தது. சுட்டவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் கதை எளிதாகிவிடும். அவர்களுள் பலர் அருகிலிருந்த நிலக்கரிச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த உழைப்பாளிகள். கோழிக்குஞ்சைத் தூக்கும் பறவை கெட்ட பறவை என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். அறிஞர்கள் பலரும் அதையேதான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தனர்.

1932இல் ரிச்சர்ட் போ என்னும் இளைஞர் கையில் புகைப்படக் கருவியுடன் அங்கே ஏறினார். செத்துக் கிடந்த பறவைகளை அவரும் உடன்வந்தோரும் காட்டுத் தரையெங்கும் தேடி எடுத்து, வரிசை வரிசையாகக் கிடத்திப் படமெடுத்தனர். குவியலாகக் கொட்டிப் படமெடுத்திருந்தாலும் பார்ப்பவர் நெஞ்சு பதறியிருக்கும். வரிசைப்படுத்தியதால் அது எண்ணத்தக்கதாயிற்று. அம்மலையில் எடுக்கப்பட்ட முதல் கணக்கு அதுவே எனலாம், செத்தவற்றின் கணக்கு.

அப்படங்களைக் கண்டவர்களுள் ஒருவர் நியூயார்க்கைச் சேர்ந்த ரோசலி எட்ஜ். 1877இல் பிறந்தவர், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய இயக்கத்தில் பழகிய கை. வயது ஐம்பதைக் கடந்த பிறகே பறவைகளுக்காக வாதாடத் தொடங்கினார். பறவைகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த பெரிய அமைப்புகளின் கூட்டங்களில் எழுந்து, அவர்கள் விரும்பாத கேள்விகளைக் கேட்பது அவர் வழக்கம். மலையை வாங்க யாரேனும் முன்வருவார்கள் என்று காத்திருந்து பார்த்தார். எவரும் வரவில்லை. 1934இல் ஏறத்தாழ 1,400 ஏக்கர் மலைநிலத்தைத் தாமே குத்தகைக்கு எடுத்தார். பின்னர் அது விலைக்கு வாங்கப்பட்டு, 1938இல் ஒரு சங்கத்தின் உடைமையாயிற்று. இரைகொல்லிப் பறவைகளுக்கென்றே உலகில் எழுந்த முதல் புகலிடம் அது.

காவலுக்கு வந்தவர்கள் மாரிஸ் பிரவுன் என்னும் இளைஞரும் அவர் மனைவி இர்மாவும். பிரவுனுக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. துப்பாக்கியோடு வரும் ஆடவரைச் சாலையோரத்தில் நின்று திருப்பி அனுப்பும் வேலையை இர்மா ஏற்றார். வசைமொழி கேட்காத நாள் அவருக்குக் குறைவாகவே இருந்திருக்கும். அந்த இலையுதிர்காலத்திலேயே சூடு நின்றது. கீழே மனைவி காவல் நிற்க, மேலே பாறையில் அமர்ந்து கணவர் எண்ணினார். அதற்கு முன்பும் அம்முகட்டில் பறவைகள் போவதைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். எழுதி வைத்தவர் இவரே.

எண்ணுவது எவ்வாறு என்பதைச் சற்று விரித்துச் சொல்லுதல் தகும். இன்று அங்கே கணக்கெடுப்பு ஆகஸ்ட் 15இல் தொடங்கி டிசம்பர் 15 வரை நடக்கிறது. முகட்டிலிருந்து பார்த்தால் மலைவரிசையின் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். அவற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களையே பெயராக வைத்திருக்கிறார்கள். 'மூன்றின்மேல் ஒரு பறவை' என்று ஒருவர் குரல் கொடுத்தால் எல்லாக் கண்ணாடிகளும் அங்கே திரும்பும். கழி ஒன்றின் நுனியில் பொம்மை ஆந்தை ஒன்றை நட்டு வைப்பதும் உண்டு. ஆந்தையைக் கண்டால் சினம் கொள்ளும் சிறு வல்லூறுகள் அதைத் தாக்க நெருங்கி வரும்போது அடையாளம் காண்பது எளிதாகும். தொலைவில் வரும் பறவைக்கு நிறம் இல்லை. வானத்தில் ஒரு கீறல் அவ்வளவே. சிறகு நீளமா அகலமா, வால் நுனி வட்டமா சதுரமா, அடித்து அடித்துச் சறுக்குகிறதா, அடிக்காமலே மிதக்கிறதா, மிதக்கும்போது சிறகு தட்டையாக இருக்கிறதா மேல்நோக்கி வளைந்திருக்கிறதா என்ற இவைகொண்டே பெயர் சொல்ல வேண்டும். பழகியவர் நடையைக்கொண்டு தொலைவிலேயே உறவினரை அறிவதுபோல் அறிந்து சொல்கின்றனர்.

வெப்பத்தூணில் சுழலும் பருந்துக் கூட்டத்தை எண்ணுவதில் ஒரு நுட்பம் உண்டு. நூற்றுக்கணக்கில் மேலும் கீழுமாகச் சுழலும்போது எண்ணப் புகுந்தவர் ஏமாந்து போவார். எண்ணியதையே மறுபடி எண்ண நேரும். கொதிக்கும் நீர்போல் தோன்றுவதால் அக்கூட்டத்தை அங்கே கெட்டில் என்றே அழைக்கின்றனர். சுழற்சி முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். உச்சியை அடைந்த பறவைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, கோத்த மணிபோல் ஒரே திசையில் சறுக்கிச் செல்லத் தொடங்கும் அந்தக் கணத்தில் எண்ண வேண்டும். கையிலுள்ள எண்ணும் பொறியைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருக்கும். 1978 செப்டம்பர் 14 அன்று ஒரே பகலில் 21,000க்கும் மேற்பட்ட பறவைகள் எண்ணப்பட்டன. சராசரியாக ஒரு பருவம் முழுவதற்கும் ஏறக்குறைய 18,000 என்பதை நினைத்தால் அந்த நாளின் அளவு விளங்கும்.

அப்படிப்பட்ட நாளைப் பற்றிப் பேசவும் பாடவும் ஆள் உண்டு. கணக்கேட்டின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மூடுபனியில் கைநீட்டினால் விரல் தெரியாத நாள் உண்டு. தெற்குக் காற்று வீசி ஒரு பறவையும் வராத நாள் உண்டு. அந்த நாளிலும் மணிக்கு மணி தாளில் காற்றின் திசை, வேகம், வெப்பம், எவ்வளவு தொலைவு கண்ணுக்குத் தெரிகிறது என்பன எழுதப்படுகின்றன. பறவைக் கட்டத்தில் சுழி இடப்படுகிறது. அந்தச் சுழி எழுதப்படாவிட்டால் ஆயிரமும் பொருளற்றுப் போகும். பார்த்திருந்தும் வரவில்லையா, பார்க்கவே இல்லையா என்பதைப் பின்னால் வருபவர் அறிய வேறு வழியில்லை.

இந்தத் தாளின் அமைப்பைக் காணும் தமிழ் மாணவர்க்குப் பழகிய ஒன்று நினைவுக்கு வரும். தாளின் தலையில் முதலில் இடம், அடுத்து நாளும் நேரமும், பிறகே பறவை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், புள்ளும் விலங்கும் மரமும் கருப்பொருள் என்றும் வகுத்த மரபுக்கு இந்த ஒழுங்கு புதிதன்று. பாலைக்குரிய பறவைகளாகப் பருந்தையும் எருவையையும் கழுகையும் இலக்கண நூலார் வைத்தனர். எங்கே, எப்போது என்று சொல்லப்படாத பறவை அம்மரபில் பறவையே ஆகாது. இன்று எழுதப்படும் கவிதைகள் பலவற்றில் 'ஒரு பறவை' பறக்கிறது. எந்தப் பறவை என்று கேட்டால் விடை இல்லை. விடுதலைக்கு ஒரு பறவை, தனிமைக்கு ஒரு பறவை என்று வேலைக்கு அமர்த்தப்பட்டவை அவை. தமிழில் பெயருக்குப் பஞ்சமா? வல்லூறு, வைரி, பைரி, இராசாளி, விராலடிப்பான் என்று எத்தனை! ஐப்பசி கார்த்திகையில் தென்மாவட்டங்களின் வெட்டவெளிகளில் தரையை ஒட்டி மெல்லத் தாழ்ந்து பறக்கும் பூனைப்பருந்து, இமயத்துக்கும் வடக்கேயுள்ள புல்வெளிகளிலிருந்து வலசை வந்த விருந்தாளி. அதை அந்தப் பெயரால் அழைத்த புதுக்கவிதை எத்தனை என்று இவ்வட்டத்தார் ஒரு மாலைப்பொழுதில் எண்ணிப் பார்க்கலாம்.

பெயரைச் சரியாகச் சொல்வதோடு பிரவுன் நிற்கவில்லை. வெண்தலைக் கழுகு கடந்து போகும்போது அது வளர்ந்ததா இளையதா என்றும் குறித்தார். அப்பறவைக்குத் தலையும் வாலும் வெளுக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை உடல் முழுதும் பழுப்பு நிறம். பார்க்கத் தெரிந்தவருக்கு வேறுபாடு எளிது. ஆனால் எழுத வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. கழுகு ஒன்று என்று எழுதிவிட்டுப் போயிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கே ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். பிரவுன் இளையது, வளர்ந்தது என்று பிரித்து எழுதிய முதல் ஆண்டுகள் 1930களின் நடுப்பகுதி. டிடிடி என்னும் வேதிப்பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்பதை சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டறிந்தது 1939இல். போரில் படைவீரர்களைப் பேனிலிருந்தும் மலேரியாவிலிருந்தும் அது காத்தது. 1948இல் முல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1945 முதல் அமெரிக்காவில் பொதுமக்களும் அதை வாங்கித் தெளிக்கலாயினர். போருக்காகக் கடற்படையில் சேர்ந்த பிரவுன் அந்த ஆண்டுகளில் மலையில் இல்லை. 1943, 1944, 1945 ஆகிய மூன்று பருவங்களின் தாள்கள் இல்லை. டிடிடி அந்நாட்டு வாழ்வுக்குள் நுழைந்த அதே மூன்று ஆண்டுகள் அவை. திரும்பி வந்து மீண்டும் அதே பாறையில் அமர்ந்து அதேபோல் எண்ணினார்.

1945 அக்டோபரில் அம்முகட்டுக்கு வந்தவர்களுள் ரேச்சல் கார்சனும் ஒருவர். அப்போது அவர் அரசின் மீன், வனவிலங்குத் துறையில் பணியாற்றிக்கொண்டிருந்தார், பெயர் பரவவில்லை. கடலைப் பற்றிய நூலால் 1951இல் பெரும்புகழ் பெறவிருந்த அவர், அந்த மலைமேல் அமர்ந்திருந்தபோதும் அப்பாறைகள் ஒருகாலத்தில் கடலடியில் கிடந்தவை என்பதை நினைத்துக் குறிப்பெழுதினார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து, பூச்சிக்கொல்லிகளைப் பற்றி 'மௌன வசந்தம்' எழுதிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பருந்துமலையின் எண்கள் தேவைப்பட்டன.

எண்கள் இவை. 1935 முதல் 1939 வரை அங்கே கண்ட வெண்தலைக் கழுகுகளுள் நூற்றுக்கு 40 இளையவை. 1955 முதல் 1959 வரை நூற்றுக்கு 20 மட்டுமே. 1957ஆம் ஆண்டில் வளர்ந்த கழுகுகள் 32க்கு ஓர் இளைய கழுகு என்ற நிலை. கழுகு நீண்ட ஆயுள் கொண்டது. இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். ஆகவே குஞ்சே பொரிக்காத கழுகுகளும் ஆண்டுதோறும் வானத்தில் கம்பீரமாகக் கடந்து போய்க்கொண்டிருக்கும். பார்ப்பவர் கண்ணுக்குக் கழுகு இருக்கிறது. மொத்த எண்ணிக்கை சற்றுக் குறைந்தால் காற்று சரியில்லை என்று சொல்லிவிடலாம். பிள்ளையில்லாத ஊர் ஒன்று முதியவர்களோடு நடமாடிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டியது 'இளையது' என்ற அந்த ஒரு குறிப்புத்தான். கேள்வி பிறப்பதற்கு முன்பே விடையின் பாதி எழுதப்பட்டிருந்தது.

இன்னொரு பாதி புளோரிடாவில் இருந்தது. சார்லஸ் புரோலி என்னும் கனடா நாட்டு வங்கி மேலாளர், ஓய்வு பெற்ற பின் 1939 முதல் உயர்ந்த மரங்களில் ஏறிக் கழுகுக் குஞ்சுகளின் காலில் வளையமிட்டு வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு வளையமிட்ட அவர், 1940களின் இறுதியிலிருந்து கூடுகள் வெறுமையாவதைக் கண்டார். அவர் எண்ணியது கூட்டில். பிரவுன் எண்ணியது வழியில். கார்சன் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்.

எண்ணிக்கை மட்டுமே எல்லாவற்றையும் நிறுவிவிட்டது என்று சொன்னால் அது மிகைக்கூற்று. குறைகிறது என்றுதான் எண் சொல்லும். ஏன் என்று சொல்லாது. 1967இல் பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப், பொழுதுபோக்குக்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்த பழைய முட்டை ஓடுகளை எடுத்து ஆராய்ந்து, 1940களின் பிற்பகுதிக்குப் பின் பைரி முதலியவற்றின் முட்டையோடு மெலிந்துவிட்டதைக் காட்டினார். டிடிடி உடலில் சிதைந்து மாறும் பொருள் ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேரவிடாமல் தடுக்கிறது என்பது அமெரிக்க ஆய்வுகளாலும் உறுதியாயிற்று. அடைகாக்க அமரும் தாயின் எடையே முட்டையை நொறுக்கியது. அமெரிக்காவில் 1972இல் டிடிடியின் வேளாண்மைப் பயன்பாடு தடை செய்யப்பட்டது. இரைகொல்லிப் பறவைகளுக்கு நாடு முழுதும் சட்டக் காப்பு விரிவானதும் அதே ஆண்டில்தான். அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து பைரி 1999இலும் வெண்தலைக் கழுகு 2007இலும் நீக்கப்பட்டன. ரோசலி எட்ஜ் இவற்றைக் காணவில்லை. 'மௌன வசந்தம்' 1962 செப்டம்பரில் வெளிவந்தது. அவர் அதே ஆண்டு நவம்பர் 30 அன்று காலமானார். கார்சன் 1964இல் மறைந்தார். பிரவுன் 1966இல் ஓய்வு பெறும்வரை அம்மலையிலேயே இருந்தார்.

எண் பொய் சொல்லாது என்பார்கள். சொல்லும், படிக்கத் தெரியாதவரிடம் தாராளமாகச் சொல்லும். மேகமே இல்லாத நீலவானம் எண்ணுவோருக்கு நல்ல நாள் என்று புதியவர் நினைப்பார். அன்றுதான் பறவைகள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் போய்விடுகின்றன. பின்புலத்தில் வெண்மேகம் இருந்தால்தான் அந்தப் புள்ளிகள் தெரியும். நான்கு பேர் பார்த்த நாளையும் ஒருவர் பார்த்த நாளையும் ஒன்றாக வைக்கக் கூடாது. அண்மைக் காலத்தில் செவ்வால் பருந்துகளின் எண்ணிக்கை அம்முகட்டில் குறைந்தது. அவை அழியவில்லை, குளிர்காலம் முன்போல் கடுமையாக இல்லாததால் பல பறவைகள் வடக்கிலேயே தங்கிவிடுகின்றன, தெற்கே வரும் தேவை அவற்றுக்கு இல்லை. வராத விருந்தினர் எல்லாரும் இறந்தவர் ஆகார். ஆகவேதான் ஓரிடத்துக் கணக்கைப் பிற இடங்களின் கணக்கோடு ஒப்புநோக்கும் வழக்கம் வளர்ந்தது. மெக்சிகோவின் வெராகுரூசில் மலைக்கும் வளைகுடாவுக்கும் இடையே குறுகிய சமவெளியில் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இரைகொல்லிகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் கடந்து போவது 1990களில் முறையாக எண்ணத் தொடங்கிய பிறகே உலகுக்குத் தெரிந்தது. கடலின்மேல் வெப்பத்தூண்கள் வலுவாக எழுவதில்லை. அதனால் நிலத்தை ஒட்டியே எல்லாம் நெருக்கியடித்துப் போகின்றன. ஜார்ஜியா நாட்டின் பாத்துமியில் கருங்கடலோரம் 2008 முதல் இத்தகைய கணக்கு நடக்கிறது.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று தோன்றினால், இந்தியாவின் வடகிழக்கு எல்லையைப் பார்க்கலாம். அமூர் வல்லூறு என்பது புறாவைவிடச் சிறிய பறவை. கிழக்குச் சைபீரியாவிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்குத் தென்னாப்பிரிக்கப் பகுதிகளுக்குச் செல்வது. வழியில் அரபிக்கடலையே கடப்பது. அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே பெருந்திரளாகத் தங்கி, மண்ணிலிருந்து கிளம்பும் ஈசல்களைத் தின்று உடலைத் தேற்றிக்கொள்ளும். 2012இல் அங்கே மரங்களுக்கிடையே மீன்வலைகளைக் கட்டி அவற்றைப் பிடித்து விற்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 வரை என்று அப்போது மதிப்பிடப்பட்டது. பென்சில்வேனியாவில் நடந்ததுபோலவே இங்கும் முதலில் கிடைத்த எண், செத்தவற்றின் எண். பிறகு நிகழ்ந்ததுதான் வியப்பு. பாங்தி முதலிய ஊர்களின் அவைகளே கூடித் தடை விதித்தன. 2013ஆம் ஆண்டு அந்தப் பெரும் வேட்டை நடக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, நாகா, வோக்கா, பாங்தி என்று பெயரிட்டுப் பறக்கவிட்டார்கள். பிடித்து விற்று வந்த வருவாயை விட்டுக்கொடுத்த ஊரின் பெயர் ஒரு பறவையோடு கடல் கடந்தது. அந்த ஊராருக்கு விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகக் கிடைத்தது போதுமா என்ற கேள்வியைப் பறவை ஆர்வலர்கள் மறந்துவிடலாகாது. சுரங்கத் தொழிலாளருக்கு வேட்டை பொழுதுபோக்கு; இவர்களுக்கு அது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு.

பருந்துமலையில் இன்று வெண்தலைக் கழுகுகள் ஆண்டுக்குச் சில நூறு கடக்கின்றன. இளையவையும் அவற்றுள் தாராளமாக உண்டு. ஆனால் வேறொரு கட்டத்தில் எண்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கக் கெஸ்ட்ரல் என்பது ஏறக்குறைய மைனா அளவே உள்ள சிறு வல்லூறு. வெட்டுக்கிளியும் சுண்டெலியும் அதன் உணவு. ஒருகாலத்தில் வேலிக்கம்பிதோறும் அமர்ந்திருந்த எளிய பறவை. அது பல பத்தாண்டுகளாக அம்முகட்டிலும் வேறு பல இடங்களிலும் குறைந்து வருகிறது. திறந்த புல்வெளிகள் அருகியதா, பூச்சிகள் குறைந்ததா, புதிய பூச்சிக்கொல்லிகளா, டிடிடி நின்றபின் பெருகிய கூப்பர் வல்லூறு இதைப் பிடித்துத் தின்கிறதா என்று ஒவ்வொன்றாக ஆய்ந்து வருகிறார்கள். ஒன்றின்மேலும் குற்றம் முழுதாக உறுதிப்படவில்லை. 1950கள் முதல் மலையடிவாரத்துப் பண்ணைகளில் அதற்கென மரப்பெட்டிக் கூடுகள் வைத்துக் கண்காணிக்கின்றனர்.

முகட்டில் அமர்ந்திருப்போர் கெஸ்ட்ரல் ஒன்று நெருங்கி வந்தால் சிறகைப் பார்க்கின்றனர். ஆணுக்குச் சிறகு நீலச்சாம்பல், பெண்ணுக்குச் செம்பழுப்பு. தெளிவாகத் தெரிந்தால் ஆண் என்றோ பெண் என்றோ எழுதுகின்றனர். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுகின்றனர். அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.